உதடு வரைந்த எலும்புக்கூடு

வளைகுடா நாட்டு முசஃபாவில் லாரிகளுக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறை. சிவகங்கை முருகேசன் பிளைவுட் பலகையில் கிதார் வாசிக்கும் எலும்புக்கூட்டை வரைந்து நிமிர்கிறார். வரையச் சொன்னவர் லூசியா, ஓட்டலில் சமைக்கும் மெக்சிகோ பெண். இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக அவர் ஊரில் நம்பும் நாள் நாளை. எலும்புக்கூடு அவருடைய அப்பா.

பார்த்ததும் லூசியாவின் முகம் வாடுகிறது. “அப்பாவுக்கு எதற்கு உதடு? சிரிக்க வேண்டாமா?” என்கிறார் ஆங்கிலத்தில். முருகேசனோடு வேலை பார்க்கும் நான் அதை அவருக்குத் தமிழில் சொல்கிறேன்.

“செத்தவரு பல்லைக் காட்டுனா நல்லாவாண்ணே இருக்கும்? மரியாதைக்கு வாயை மூடிட்டேன்,” என்கிறார் முருகேசன்.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் லூசியா பர்ஸிலிருந்து அப்பாவின் படத்தை எடுத்து நீட்டுகிறார். வாய்கொள்ளாச் சிரிப்பு; ஒரு பல் தங்கம்.

“ஆளு நம்ம செட்டுதான்,” என்று முருகேசன் உதட்டை அழிக்கிறார். பற்கள் ஒவ்வொன்றாக வர, மூவரும் பலகைமேல் குனிகிறோம். லாரியில் பெயர் எழுதும் தங்க நிறத்தைக் கடைசிப் பல்லில் தொட்டு வைக்கிறார்.

லூசியா கைதட்டுகிறார். “வந்துவிட்டார்.”