கப்பலில் முதற் பந்தி

கலியாணம் முடிந்து ஒரு மாதம் கடந்தபின் நான் கப்பல் ஏறினேன். அதுவரையில் நானும் என் கணவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டதில்லை. கலியாணத்தன்று ஒரே இலையில் பாலும் பழமும் தந்தார்கள். சுற்றிவர ஐம்பது பேர் நின்று பார்த்தார்கள். அதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது.

அவர் மலாயாவில் ரயில்வேயில் கிளார்க். நீண்ட லீவில் வந்து என்னைக் கலியாணம் செய்தவர், லீவு முடியும்வரை கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே தங்கினார். எங்கள் வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். அப்பாவும் அவரும் மேசையில் இருக்க, அம்மா சோறு போடுவா, நான் கறிச் சட்டியோடு பின்னால் நிற்பேன். அவர்கள் கைகழுவி எழும்பிய பிறகு நானும் அம்மாவும் குசினியில் சாப்பிடுவோம். அதில் எங்களில் ஒருவருக்கும் குறை தெரியவில்லை. ஆனால் அவர் தலை நிமிராமல் சாப்பிடுகிறவர். அப்பாவுக்கு முன்னால் கதைக்கவும் மாட்டார். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று முகத்தைப் பார்த்தாவது அறியலாம் என்றால், எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பிடரிதான்.

ஒரு பின்னேரம் எல்லோரும் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போயிருந்தோம். அப்பாவும் அம்மாவும் சற்று முன்னால் நடந்தார்கள். தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி அவர் சொன்னார்.

"கப்பலில மேசைச் சாப்பாடு. ஆம்பிளை, பொம்பிளை எண்டு பாக்கிறதில்லை. நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டா இருந்து சாப்பிடலாம்."

நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் அந்தப் பேச்சு என் மனதில் இருந்துகொண்டேயிருந்தது. மலாயாவைப் பற்றி அவர் எவ்வளவோ சொல்லியிருந்தார். அவற்றிலெல்லாம் எனக்கு ஆசையாக இருந்தது இந்த ஒன்றுதான்.

அதற்கு ஆயத்தமாக முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழக்கினார். எங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவித்த உருளைக்கிழங்கை ஒரு பீங்கானில் வைத்து வெட்டச் சொல்வார். கிழங்கு வழுக்கிக் கட்டிலுக்குக் கீழே ஓடும். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். "உள்ளுக்கு என்ன சத்தம்?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்பா. அவர் என்னைப் பார்ப்பார். நான், "ஒண்டுமில்லை அம்மா" என்பேன்.

கப்பல் புறப்படுகிற நாள் காலையில் கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து துறைமுகம் கிட்ட. சின்னம்மா எலுமிச்சங்காய் ஊறுகாயை ஒரு போத்தலில் போட்டு, துணி சுற்றி, என் பெட்டிக்குள் வைத்தா. பின்னேரம் எல்லோரும் துறைமுக ஜெட்டிவரை வந்தார்கள். அங்கே அழுதது அப்பாதான். அம்மா என் சேலைத் தலைப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு நின்றா.

வள்ளத்தில் போய்க் கப்பல் ஏறியதும் முதல் சங்கடம் வந்தது. அவருடைய டிக்கெட்டை ரயில்வே முன்னமே எடுத்துக் கொடுத்திருந்தது. என்னுடையதைக் கலியாணத்துக்குப் பிறகு அப்பா கொழும்புக் கோட்டையில் கப்பல் கந்தோரில் எடுத்தார். இரண்டாம் வகுப்பில் எல்லாம் நாலுபேர் படுக்கிற அறைகள். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு மறுபக்கம். அது எங்களுக்கு முன்பே தெரியும். தெரியாதது, சாப்பாட்டு மண்டபம் சிறிது, அதனால் இராச் சாப்பாடு இரண்டு பந்தி என்பது. சீமையிலிருந்து வந்தவர்கள் தங்கள் இடங்களை எப்போதோ பிடித்துவிட்டார்கள். கொழும்பில் ஏறியவர்களுக்கு மிஞ்சிய கதிரைகள். வாசலில் நின்ற தலைமை ஸ்டூவர்ட் எங்கள் கையில் ஆளுக்கொரு அட்டை தந்தார். என் கணவருக்கு ஆறு மணிக்கு, முதற் பந்தி. எனக்கு ஏழரைக்கு, இரண்டாம் பந்தி.

என் கணவர் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன்னுடைய கந்தோர் இங்கிலிஷில், மிகவும் மரியாதையாக, இவர் என் மனைவி, எங்களை ஒரே பந்தியில் போட முடியுமா என்று கேட்டார். ஸ்டூவர்ட் மேசைப் படத்தைக் காட்டினார். கதிரை ஒன்றும் காலியில்லை. ஸ்டூவர்ட் கோபமாகப் பேசவில்லை. அதனாலேயே மேற்கொண்டு கேட்கவும் முடியவில்லை.

"கொஞ்ச நாள்தானே," என்றார் என் கணவர், என்னிடம் திரும்பி. "பினாங்குக்குப் போனாப்பிறகு ஒண்டாத்தானே இருக்கப் போறம்."

"ஓம். அதுக்கென்ன," என்றேன்.

எனக்கு அழுகை வந்தது. ஜெட்டியில் வராத அழுகை. மேல்தட்டுக்குப் போய்க் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொட்டாஞ்சேனைப் பெரிய தேவாலயத்தின் குவிமாடம் வெயிலில் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் எங்கேயோ சின்னம்மா வீடு. வீட்டை நினைத்து அழுகிறேன் என்று அவர் எண்ணியிருப்பார். நானும் திருத்தவில்லை.

அன்று இரவு என்னுடைய மேசை குசினிக் கதவுக்குப் பக்கத்தில், மூலையில் இருந்தது. அதில் மற்ற மூன்று பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். இருவர் சீனாவுக்குப் போகிற மிஷன் ஆசிரியைகள். மற்றவர் சிங்கப்பூரில் மகனிடம் போகிற, தலை நரைத்த ஓர் அம்மா. மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாப்பாட்டு அட்டையில் இருந்தது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷில் அந்தச் சொற்களே இல்லை. நரைத்த அம்மா எடுத்ததையே நானும் எடுத்தேன்.

சூப் முடிகிற நேரம் தலை நிமிர்ந்தால், மண்டபத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நிற்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்ப்பதுபோல். சற்று நேரத்தில் போய்விட்டார். மீன் வந்தபோது மறுபடியும் வந்தார். நான் மீனை எப்படி வெட்டுகிறேன் என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது. கத்தியைச் சரியாகப் பிடித்தேன். அவர் இலேசாகத் தலையாட்டினார்.

அடுத்த நாள் கடலில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அன்றிரவும் அப்படியே வந்து நின்றார். நரைத்த அம்மா கவனித்துவிட்டா.

"வாசலில் நிற்கிற அந்த மனிதர் நேற்றும் நின்றார். யாரையோ தேடுகிறாரா?" என்று கேட்டா.

"அவர் என்னுடைய கணவர்," என்றேன்.

மூவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெட்கப்பட்டு, வரைபடத்துக்கு இன்னும் கிட்டப் போய்விட்டார். ஏன் இருவரும் சேர்ந்து வரவில்லை என்று அந்த அம்மா கேட்டா. எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அட்டைக் கதையைச் சொன்னேன். கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்டா. அதையும் சொன்னேன். அந்த அம்மா மேசைத்துண்டை மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் வாசலைத் திரும்பிப் பார்த்தா.

மறுநாள் காலை நானும் அவரும் மேல்தட்டில் நடந்துகொண்டிருந்தோம். அவருடைய மேசையில் யார் யார் என்று கேட்டேன். வேறென்ன கதைப்பது என்று தெரியாமல் கேட்ட கேள்வி அது.

"எங்கட மேசையில கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கத்து முதலாளி ஒராள் இருக்கிறார். சோனகர், துணி வியாபாரம். நல்ல மனுசன். ஆனா பாவம், ரெண்டு நாளா ஒழுங்கான சாப்பாடில்லை."

"ஏன், கடல் ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"அதில்லை. சூப் வரேக்க பொழுதுபட்டிடும். அவர் தொழப் போயிடுவார். திரும்பி வாறதுக்கிடையில எல்லாத்தையும் எடுத்திடுவாங்கள். பிறகு பாணும் பட்டரும்தான்."

நான் நடையை நிற்பாட்டினேன்.

"அப்ப அவருக்கு ஏழரைப் பந்திதானே வசதி?"

"ஓம். அவரும் கேட்டுப் பாத்தவர். இடமில்லையாம்."

"என்ர இடம் இருக்குதுதானே."

அவர் என்னைப் பார்த்தார். கணக்கில் கெட்டிக்காரர், ரயில் நேரங்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். இது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒரு கெட்டித்தனமும் இல்லை. எனக்கு அந்த முதற் பந்தி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி பின்தட்டில் ஒரு சாய்மனைக் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சாரம், கோட்டு, தொப்பி. வெள்ளைத்தாடி. என் கணவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு ரெண்டாம் பந்தியா மகள்? எனக்கு அதுதான் வேணும். பிரயாணத்தில ரெண்டு நேரத் தொழுகையச் சேத்துத் தொழ ஏலும்தான். ஆனா எனக்கு மனசு கேக்கிறல்ல. நேரத்துக்குத் தொழுது பழகின ஆள்." பிறகு என் கணவரைப் பார்த்து, "ஏன் தம்பி, நேத்தே சொல்லியிருந்தா நேத்தே மாத்தியிருக்கலாமே. பொண்டாட்டி வேற பந்தியிலண்டு ஒரு பேச்சுச் சொல்லல்ல நீங்க," என்றார்.

மூவருமாக ஸ்டூவர்ட்டிடம் போனோம். என் கணவர் பேசினார். ஸ்டூவர்ட் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். என்னுடைய மேசை பெண்கள் மேசை. மூன்று பெண்களுக்கிடையில் முன்பின் தெரியாத ஓர் ஆணைக் கொண்டுபோய் இருத்த முடியாது. அந்தப் பெண்கள் முறைப்பாடு செய்தால் யார் பதில் சொல்வது? முதலாளியும், "அதுவும் ஞாயம்தான்" என்று சொல்லித் திரும்பிப் போகப் பார்த்தார். என் கணவர் வழமைபோல, "தாங்க் யூ" என்றார்.

நான் மட்டும் அசையாமல் நின்றேன். வெள்ளைக்காரர் ஒருவரோடு அதுவரையில் நானாக வாய்திறந்து பேசியதில்லை.

"அந்தப் பெண்கள் சம்மதித்தால்?" என்று இங்கிலிஷில் கேட்டேன்.

அவர் தோளை உயர்த்தினார். "சம்மதித்தால், பார்க்கலாம்."

நரைத்த அம்மா வாசிக்கும் அறையில் பின்னிக்கொண்டிருந்தா. நான் சொல்லி முடிப்பதற்குள் எழும்பிவிட்டா. ஆசிரியைகள் இருவரையும் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, நேரே ஸ்டூவர்ட்டிடம் போனா. அங்கே என்ன சொன்னாவோ எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது புது அட்டை ஒன்றை என் கையில் வைத்து, "உன்னை நாங்கள் இழக்கிறோம், அது ஒன்றுதான் கவலை," என்றா.

அன்று பின்னேரம் நான் நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினேன். என்னோடு அறையில் இருந்தவர்கள் இன்று என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அவர் கழுத்துப்பட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, வாசலில் நின்றார். அன்றைக்கு வரைபடத்தைப் பார்க்கவில்லை.

எதிரெதிராக இருந்தோம். மேசையில் வேறு இருவர் இருந்தார்கள். டச்சுக்காரர்கள், தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். கடல் ஆடியதால் பீங்கான்கள் விழாமல் மேசை ஓரங்களில் மரச்சட்டம் போட்டிருந்தார்கள். சூப் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்து இருந்தபின் எங்கள் இருவருக்கும் கதைக்க ஒன்றும் வரவில்லை. அவர் சூப்பையே பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். இரண்டு இரவும் கண்ணாடிக்கு அப்பால் அவர் நின்றபோது எங்களுக்குள் நடந்த கதை இதைவிடக் கூட என்று தோன்றியது.

மரக்கறி வந்தது. ஏதோ பச்சைக்காய், அவித்தபடி. அவர் முதல் வேலையாக அதை முழுவதும் அவசரமாக விழுங்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதைக்க ஒன்று கிடைத்துவிட்டது.

"உங்களுக்குப் பாவற்காய்தானே நல்ல விருப்பம். பினாங்கில கிடைக்குமோ?"

அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆர் சொன்னது?"

"அம்மாதான். நீங்கள் எப்பவும் அதைத்தான் முதல்ல சாப்பிட்டு முடிக்கிறனீங்களாம். அதாலதான் ஒவ்வொரு நாளும் காய்ச்சினவ."

"எனக்குப் பாவற்காயைக் கண்ணிலயும் காட்டக் கூடாது," என்றார், மெதுவாக. "பிடிக்காததை முதல்ல சாப்பிட்டு முடிச்சிட்டால் பிறகு நிம்மதியாச் சாப்பிடலாம் எண்டுதான். நான் முடிக்க முடிக்க மாமி திரும்பவும் போட்டுக்கொண்டே இருந்தா."

ஒரு மாதத்துக்கு மேலாக, நாள் தவறாமல். நான்தான் சட்டியை நீட்டியவள். சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் சற்று முன்னால் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். டச்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப என்னதான் விருப்பம்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துச் சொல்லத் தொடங்கினார். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. பாற்சொதி, பச்சைமிளகாய் கூடப் போட்டால். மாங்காய் எதுவானாலும். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "உமக்கு?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்னென்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். என்னை ஒருவரும் கேட்டதில்லை. மிஞ்சினதைச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்குத் தனியாக ஒரு விருப்பம் இருக்குமோ என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

"அடிச்சோறு," என்றேன் கடைசியில். "சட்டியோட ஒட்டி, கொஞ்சம் கருகினது."

"கருகினதோ?"

"ஓம். அம்மாவுக்குத் தெரியாமல் சுரண்டித் தின்னுறனான்."

மண்டபம் காலியாகிவிட்டது. ஸ்டூவர்ட் எங்கள் மேசை விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழும்பி வந்தபோது வாசலில் முதலாளி தொழுதுவிட்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நரைத்த அம்மாவும் ஆசிரியைகளும்.

"நல்லாச் சாப்பிட்டீங்களா மகள்?" என்றார்.

"ஓம். நீங்கள் போய் இருங்கோ, சாப்பாடு ஆறப்போகுது," என்றேன்.

பினாங்கில் இறங்கியபோது மழை. ரயில்வே குவாட்டர்ஸில் அவருடைய பழைய அறையில் மேசை என்று ஒன்று இருக்கவில்லை. தரையில் பாயை விரித்து, ஊறுகாய்ப் போத்தலை நடுவில் வைத்து, எதிரெதிராக இருந்தோம். புது அடுப்பு, புது அரிசி. சோறு குழைந்துபோனது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் குழைஞ்சிட்டுது," என்றார்.

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு," என்று சொல்லி, அவருக்கு இன்னும் கொஞ்சம் போட்டேன்.