விக்னேஸ்வரி சந்தேகிக்காத ஒரே கடிதம்

உங்கள் வீட்டுக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர், உங்கள் பிள்ளையை அமெரிக்காவில் பட்டப்படிப்பில் சேர்த்துவிட ஐயாயிரம் மலேசிய வெள்ளி கேட்கிறார். இன்னொருவர், ஒரு காசும் வேண்டாம், நான்கு ஆண்டுப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் நாங்களே தருகிறோம் என்கிறார். இந்த இருவரில் நீங்கள் யாரைச் சந்தேகிப்பீர்கள்?

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினோரு குடும்பங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டன. பணம் கேட்டவரை நம்பின. இலவசம் என்றவரை ஏமாற்றுக்காரன் என்றன. விக்னேஸ்வரி ஒருவர்தான் இருவரையும் சந்தேகித்தார்.

விக்னேஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கத்தரியால் கொழுந்து வெட்டுகிறார். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் தவமலர். தோட்டத்தில் விக்னேஸ்வரிக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். அந்தப் பெயர் தராசடியில் வந்தது. கொழுந்து மூட்டையைத் தராசில் போட்டதும் மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் நகரமாட்டார். மூட்டை ஏறுவதற்கு முன்பே தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கிறீர்கள் என்று கேட்பார். நேற்றும் இதே மழைதானே, நேற்று ஏன் குறைவாகக் கழித்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. பின்னால் நிற்கும் நேப்பாளத்து ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இப்போது அவர்களும் தராசை எட்டிப் பார்க்கிறார்கள்.

சம்பளச் சீட்டு ஒன்றைக்கூட அவர் எறிந்ததில்லை. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

“ஆபீஸ்காரன் மறந்துட்டேம்பான். டின்னு மறக்காது” என்பார்.

இப்படிப்பட்டவரைத் தோட்டம் வம்புக்காரி என்று சொல்லும். படித்தவன் கேள்வி கேட்டால் அறிவாளி, கொழுந்து வெட்டுகிறவள் கேட்டால் வம்புக்காரி. இந்த அகராதியை எழுதியவர்கள் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

சென்ற ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம். பேச வந்தவர் திருமாறன். முப்பத்தைந்து வயது இருக்கும். கோட்டு, பளபளக்கும் காலணி, கையில் ஒரு பெரிய கோப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை வாங்கித் தருவது தன் தொழில் என்றார். கோயில் தலைவர் மாலை போட்டார். திருமாறன் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “சாமி சாட்சியா சொல்றேன், கேரண்டி” என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கும்பிடு போட்டால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஐயாயிரம் வெள்ளியும் பிள்ளையின் அசல் சான்றிதழ்களும் கொடுக்க வேண்டுமாம்.

விக்னேஸ்வரி எழுந்தார்.

“எந்தக் காலேஜு தம்பி? பேர எழுதிக் குடுங்க.”

“பணம் கட்டின பிறகுதான் பேரு அக்கா. அதுதான் முறை.”

“கோழி வாங்கப் போனாகூட கோழியப் பாத்துட்டுத்தானே வாங்குறோம்.”

மண்டபம் சிரித்தது. பக்கத்து வீட்டு ருக்குமணி அவர் கையைப் பிடித்து இழுத்தார். “உக்காரு லா. அவரு கோட்டு போட்டு வந்திருக்காரு, நீ கோழியப் பத்திப் பேசுற.”

“சர்டிபிகேட்டு எதுக்கு அசலு? ஜெராக்ஸ் போதாதா?”

“அமெரிக்காக்காரன் அசலத்தான் பாப்பான் அக்கா.”

அன்றிரவே பதினோரு பிள்ளைகளின் அசல் சான்றிதழ்கள் அந்தக் கோப்புக்குள் போய்விட்டன. வெளியூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். தோட்டத்தில் வியப்பில்லை. பிறப்புப் பத்திரம் முதல் வீட்டுச் சாவி வரை ஆபீசில் ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி நிற்கும் வழக்கம் மூன்று தலைமுறையாகப் பழகியது. கோட்டுப் போட்டவன் கேட்டால் கை தானாக நீளும்.

தவமலர் தன் வழியைத் தானே தேடினாள். தானா ராத்தா ஊரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்த பெண். குடும்ப வருமானத்தைப் பார்த்து, கட்ட முடியாத தொகை முழுவதையும் தாங்களே ஏற்கும் கல்லூரிகள் சில அமெரிக்காவில் இருக்கின்றன, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கின்றன என்று படித்து அறிந்தாள். கொடுப்பவை மிகக் குறைவு. கேட்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். கேரண்டி என்ற சொல் எந்தக் கல்லூரியின் பக்கத்திலும் இல்லை. விண்ணப்பக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதி, ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள்.

தாயார் அதையும் விடவில்லை.

“வீட்டுல எத்தன பேரு, வண்டி இருக்கா, பேங்க்ல எவ்ளோன்னு எதுக்குக் கேக்குறான்? பிள்ள புடிக்கிறவந்தான் இப்படிக் கேப்பான்.”

“உதவி குடுக்கணும்னா நம்ம நெலமை தெரிய வேணாமா, மா?”

“தெரிஞ்சு அவனுக்கு என்ன ஆகப் போவுது?”

ஜனவரியில், ஐந்தில் ஒரு கல்லூரி தவமலரிடம் கைப்பேசித் திரையில் முகம் பார்த்துப் பேச விரும்பியது. இங்கே காலை ஆறு மணி, அங்கே முந்தைய நாள் மாலை. வேலைக்குப் போகும் லோரி வர அரை மணி நேரம் இருந்தது. தவமலர் பேசி முடிக்கும்போது, காலில் பூட்ஸும் தலையில் துண்டுமாக விக்னேஸ்வரி திரைக்குள் தலையை நீட்டினார்.

“இதுல அவங்களுக்கு என்னா லாபம்னு கேளு.”

“மா, அப்படிலாம் கேக்கக் கூடாது.”

“நீ கேக்கலன்னா நான் கேப்பேன். எனக்குத் தெரிஞ்ச மலாய்ல கேப்பேன்.”

தவமலர் கூச்சத்தோடு மொழிபெயர்த்தாள். அந்தக் கல்லூரிப் பெண்மணி சிரித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். பழைய மாணவர்கள் கொடுத்த பணம் இதற்கென்றே இருக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் இருந்தால் வகுப்பில் பேச்சு நன்றாக நடக்கிறது. கல்லூரிக்கும் நல்ல பெயர். உங்கள் மகளுக்குக் கிடைக்கும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

லோரி ஹாரன் அடித்தது. “நல்ல பேருக்காகத்தான் செய்யிறோம்னு ஒத்துக்கிட்டா. கெடைக்காமலும் போலாம்னு சொல்லிட்டா. அப்ப சரி” என்று சொல்லிக்கொண்டே விக்னேஸ்வரி இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் அந்தக் கல்லூரி ஒன்று கேட்டது. தாயாரின் சம்பளம் பற்றி வேலை கொடுப்பவரிடமிருந்து ஒரு கடிதம். அதுவும் விண்ணப்பதாரர் கைக்கு வராமல், தோட்ட ஆபீசிலிருந்து நேராக வர வேண்டும்.

ஆபீசில் கடிதம் எழுதுபவர் பக்கிரிசாமி கிராணி. முப்பது ஆண்டுகளாக அதே மேசை. அந்தத் தோட்டத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பாதி அவருடைய கடிதத்தால் வந்தவை. கடன் கொடுக்கிறவனுக்குத் தொழிலாளியின் சம்பளம் பெரிதாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கென்று அவர் ஒரு வழி வைத்திருந்தார். கொழுந்து கொட்டும் மாதத்துச் சம்பளத்தை எடுப்பார், ஓவர்டைமைச் சேர்ப்பார், மாதந்தோறும் இவ்வளவு என்று எழுதுவார். நல்ல மனிதர். ஒரு காசு வாங்கியதில்லை.

“ஒனக்கும் தாராளமா எழுதி அனுப்பிட்டேம்மா” என்றார்.

விக்னேஸ்வரி நன்றி சொல்லிவிட்டு வந்தார். தராசைச் சந்தேகித்தவர், கோட்டைச் சந்தேகித்தவர், அமெரிக்காவையே சந்தேகித்தவர், இந்த ஒரு கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. எழுதியவர் நம்ம ஆள்.

பிப்ரவரி நடுவில் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நீங்கள் படிவத்தில் எழுதிய வருமானமும் தோட்டம் அனுப்பிய கடிதமும் ஒத்துப்போகவில்லை. பத்து நாளில் ஆதாரத்துடன் விளக்கம் வராவிட்டால் உதவித்தொகை விண்ணப்பத்தை நிறுத்திவிடுவோம். தோட்டத்தின் கடிதமும் கூடவே இணைக்கப்பட்டிருந்தது. மற்ற நான்கு கல்லூரிகளில் இரண்டு ஏற்கெனவே கைவிரித்துவிட்டன, இரண்டில் முழு உதவி இல்லை. இருந்தது இது ஒன்றுதான்.

“நாம பொய் சொல்லிட்டோம்னு நெனைக்கிறாங்கமா.” தவமலருக்குக் குரல் உடைந்தது.

“அழாத. அந்தக் கடுதாசியப் படி.”

மாதச் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அடுத்த வரியில், ‘சொந்த வீட்டில் வசிக்கிறார்’.

விக்னேஸ்வரி சுற்றிலும் பார்த்தார். ஒழுகும் தகரம், அதன் கீழே வாளி. கையில் கத்தரி பிடிக்க முடியாத நாளில் காலி செய்ய வேண்டிய, தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வீடு. “யாரு வீடாம் இது?” என்றார்.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. அமெரிக்காக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்கள் சிலர், இன்ஸ்பெக்டரே மாட்டிக்கொண்டார் என்றார்கள் சிலர். மறுநாள் மாலை திருமாறனின் கார் வந்து நின்றது.

“எங்கிட்ட வந்திருக்கணும் அக்கா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. காலேஜுக்கு எழுதுன பாரத்தையும் கிராணி கடுதாசி மாதிரியே மாத்திருவோம். ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா கேள்வியே வராது.”

“இவ்ளோ சம்பளம் வாங்குறவளுக்கு அவன் எதுக்குத் தம்பி காசு குடுக்கணும்?”

“அது... பேசிக்கலாம்.”

“பேசலாம். பதினோரு பிள்ளைங்க சர்டிபிகேட்டு எங்க இருக்கு?”

“கோலாலம்பூர்ல.”

“கே.எல்.ல எங்க?”

அவர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார்.

விக்னேஸ்வரி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மகளையும் பிஸ்கட் டின்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கிராணி கடிதத்தின் நகலைப் பார்த்து முகம் சுருங்கினார்.

“ஒனக்கு நல்லதுதானேம்மா செஞ்சேன்.”

“நல்லதுதான் கிராணி, நான் மோட்டார் வாங்கப் போயிருந்தா.”

“கம்மியா எழுதுனா ஒன்ன மதிப்பானா? நம்ம தோட்டத்தோட மானமும் இருக்குல்ல.”

“மானம் இருந்தா கூடக் குடுக்கணும். கூட எழுதக் கூடாது.”

கிராணி எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. ஒரே ஆபீசிலிருந்து முத்திரையோடு இரண்டு கடிதம் போனால் அசிங்கம், முதல் கடிதமே இருக்கட்டும் என்று துரை சொல்லிவிட்டாராம். கொடுக்கும்போது வெட்கப்படாத சம்பளத்தை எழுதும்போது வெட்கப்படுகிறார்கள். என்ன நாணயம் இது?

“எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தாம்மா இருக்கு, ரிட்டையர் ஆக” என்றார் கிராணி.

விக்னேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. டின்னைத் திறந்து, பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

“எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான். இது பொய்யா, அந்தக் கடுதாசி பொய்யா? ஒண்ணச் சொல்லுங்க, நான் போயிடுறேன்.”

கிராணி அந்தச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டச்சு செய்தார். முதல் கடிதத்தில் சம்பளமும் வீடும் தவறாக எழுதப்பட்டன, தவறு என்னுடையது, விண்ணப்பதாரருக்கு அதில் பங்கில்லை, உண்மைச் சீட்டுகள் இத்துடன் உள்ளன. தோட்டத்து முத்திரை இல்லாமல், தன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார்.

“அனுப்பட்டுமா?”

“இருங்க. மலரு, படி.”

தவமலர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். விக்னேஸ்வரி ஒவ்வொரு தொகையையும் சீட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கிராணி கொஞ்சம் நொந்துபோனார்.

“என்மேலயே சந்தேகமா?”

“மொத தடவ சந்தேகப்படல, அதுதான் இங்க வந்து நிக்கிறேன்.”

அன்றே கடிதம் போனது; கல்லூரி கொடுத்த பத்து நாளில் அது ஒன்பதாம் நாள். கல்லூரியிலிருந்து கிராணிக்கே தொலைபேசி வந்தது. அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தவறை மறுபடியும் ஒப்புக்கொண்டார். மார்ச் கடைசியில் தவமலருக்கு இடமும் முழு உதவித்தொகையும் கிடைத்தன. அந்த மின்னஞ்சலை மகள் படித்து முடித்ததும் தாயார் கேட்டது, “பிளேன் டிக்கெட்டு யாரு காசு?” அதில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதிக் கேட்டார்கள். முதல் பயணத்துக்கு மட்டும் தருவதாகப் பதில் வந்தது.

மேனேஜர் கிராணியிடம் இரண்டு வாரம் பேசவில்லையாம். வேறு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ருக்குமணியின் மகன் புனிதனும் தானாகவே விண்ணப்பிக்க விரும்புகிறான். தேர்வுச் சான்றிதழைப் பள்ளியில் சரிபார்க்க அசல் வேண்டும். அது திருமாறனின் கோப்பில் இருக்கிறது. எட்டு மாதமாகியும் எந்தக் கல்லூரியின் பெயரும் வரவில்லை. ருக்குமணி தயங்கி நின்றபோது விக்னேஸ்வரி சொன்னார், “கோட்டப் பாத்துப் பயப்படாத. நான் வரேன், கேப்போம்.” மற்ற குடும்பங்களில் நான்கு சேர்ந்துகொண்டன. ஆறு பேர் இன்னும் ‘சாமி சாட்சி’யை நம்பி வீட்டில் இருக்கிறார்கள்.

திரிங்காப்பிலோ கோலா தெர்லாவிலோ வேறு எந்தத் தோட்டத்திலோ உங்கள் பிள்ளையின் அசலை இப்படி ஒருவர் கையில் கொடுத்திருக்கிறீர்களா? இந்த வாரமே போய்த் திரும்பக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், கொடுத்தவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதுங்கள். எழுதியதும், கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.