பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் பேச்சு நின்றுபோன வருடத்தில்தான் கண்ணாடிப் பக்கம் வைத்த கம்ப்யூட்டர் பெட்டிகள் அந்தக் கடைக்கு வரத் தொடங்கின.

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். வீட்டின் கீழ்ப்பகுதியில் தெருவைப் பார்த்தாற்போல் கடை. அதற்குப் பின்னால் கம்ப்யூட்டர் பூட்டுகிற அறை. அதற்கும் பின்னால் மாமனாரின் அறை. மாடியில் ஆளுக்குப் பாதி. கடையைத் தொடங்கியவர் மாமனார்தான். பக்கவாதம் வந்து படுத்த பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், ‘சரி’. தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. “பொறந்ததிலேர்ந்து இப்பதான் எங்கப்பா நான் சொல்றதுக்கெல்லாம் ஒத்துக்கிறார்” என்று சின்னவன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான். பெரியவளுக்கு அதில் சிரிப்பு வராது. அந்த ஒரு சொல்லுக்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் கண்ணைப் பார்த்துப் பிரித்தெடுக்கிற வேலை அவளுடையது.

கம்ப்யூட்டர் பூட்டுகிற வேலைக்கு அவள் வந்தது தற்செயல். முன்பு அதைச் செய்துகொண்டிருந்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். அவள் புருஷனுக்கு விரல்கள் தடிமன். பெட்டிக்குள் கை விட்டால் ஒன்றைப் பொருத்தி இரண்டைப் பிடுங்குவான். அவள் கை மெலிந்த கை. ஒரு நாளைக்கு என்று உட்கார்ந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதெல்லாம் தகரப் பெட்டிதான். மூடி போட்டுவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. பழைய ஆள், ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் பையில் துணியைத் திணிப்பதுபோல ஒயர்களைத் திணித்துவிட்டுப் போயிருந்தான். ஒரு கோடை போனதும் அந்தப் பெட்டிகளெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. அவள் திறந்து பார்த்தாள். ஒயர்க் குவியலில் தூசி மெத்தைபோலப் படிந்து, ஃபேனுக்குக் காற்று போக வழியில்லாமல் இருந்தது. அதன் பிறகு அவள் பூட்டிய எந்தப் பெட்டியிலும் கேபிள் காற்றின் வழியில் நிற்கவில்லை. மதர்போர்டு உட்காரும் தகட்டுக்குப் பின்னால் விரலளவு இடைவெளி உண்டு. எல்லாவற்றையும் அங்கே தள்ளி, பல் வைத்த பிளாஸ்டிக் பட்டிகளால் இறுக்கி, மிஞ்சிய வாலை நறுக்கிவிடுவாள். யாரும் அதைப் பாராட்டவில்லை. பெட்டிகள் திரும்பி வருவது நின்றது, அவ்வளவுதான்.

சின்னவள் கல்யாணமாகி வந்த பிறகு, வேலை குவிகிற நாட்களில் அவளும் கைகொடுப்பாள். சூட்டிகையானவள். பெரியவள் இரண்டு முறை காட்டியதை மூன்றாம் முறை தானாகச் செய்வாள்.

சண்டை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் மாமனாருக்கு உடம்பு துடைத்துவிட்டு, வாளியும் அழுக்குத் துணியுமாக வந்தாள் பெரியவள். படியில் உட்கார்ந்து சின்னவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போகும்போது, சிலருக்கெல்லாம் கால்மேல் கால் போட எழுதி வைத்திருக்கிறது என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள் பெரியவள். சின்னவள் அதைக் காற்றோடு விடவில்லை.

“ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டிருக்கீங்களாக்கா? எல்லாத்தையும் நீங்களே செய்வீங்க. அப்புறம் யாருமே செய்யலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுப்பீங்க.”

முழுப் பொய்யாக இருந்தால் பெரியவள் அன்றைக்கே மறந்திருப்பாள். பாதி உண்மை என்பதால் அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. அடுத்த வாரம் மாடியில் இரண்டாவது அடுப்பு வந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், பெரியவர்கள் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு தெரு தள்ளி விளையாட்டு மையம் திறக்கப்போகிறவர் வந்து, ஒரு கூடம் நிறைய கம்ப்யூட்டர் கேட்டார். எல்லாம் ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி. உள்ளே விளக்கு எரியும். ஒரு ஒயர் கோணலாக ஓடினாலும் விளையாட வருகிறவன் கண்ணில் படும். தன் கூடத்துக்கு வருகிறவர்கள் பெட்டியை முதலில் பார்ப்பார்கள், திரையைப் பிறகுதான் பார்ப்பார்கள் என்றார் அவர். பெரியவளுக்கு அது புரியவே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை நேராகப் பரணுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்தப் பெட்டிகளை ஒருவரே பூட்டலாம், ஆனால் இடுப்பு ஒடிந்துவிடும். கேபிள்கள் தடித்து விறைப்பாக இருக்கும். முன்பக்கம் ஒருவர் பிடித்து ஓட்டைக்குள் நுழைக்க, பின்பக்கம் இன்னொருவர் இழுத்தால்தான் வேலை ஓடும். ஆகவே இரண்டு பேரும் ஒரே மேசையில், பெட்டியை நடுவில் நிறுத்திக்கொண்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பெரியவள் கண்ணாடி வரும் பக்கம், சின்னவள் பின்பக்கம். பெரியவள் ‘இழு’ என்பாள். சின்னவள் ‘விடுங்க’ என்பாள். ‘இன்னும் கொஞ்சம்’, ‘போதும்’. மரியாதை மட்டும் குறையவில்லை. நாள் முழுக்க அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் குடும்பம் நடத்தினார்கள்.

பெரியவளின் கை சொன்னபடி கேட்காமல் போனதும் அப்போதுதான். காலையில் எழும்போது வலது கை மரத்திருக்கும். உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் ஆகவில்லை. டம்ளர் நழுவினால் டம்ளரைத் திட்டினாள். அரிசி மணியளவு திருகாணி விரல் நுனியில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பட்டியின் வாலைப் பல்லால் கடித்து இழுத்தாள். புருஷனிடம் சொன்னதற்கு, வெந்நீரில் கையை வைத்துப் பார் என்றான். மாமனாரைப் புரட்டுவது, துணி பிழிவது, சமைப்பது, பெட்டி பூட்டுவது என்று வெந்நீரில் வைக்க அந்தக் கைக்கு ஓய்வு இல்லை.

மையம் திறந்து கொஞ்ச நாளில் அதன் உரிமையாளர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விளையாட்டின் நடுவில் திடீர் திடீரென்று அணைகிறதாம். பெரியவன் திறந்து பார்த்தான். மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய பிளக் பாதிதான் உள்ளே இறங்கியிருந்தது. அமுக்கினால் ‘டக்’கென்று கொக்கி விழும், அது விழவில்லை. வந்தவர் முன்னால் பெரியவனுக்கு முகம் சிறுத்துவிட்டது. பின்னறைக்கு வந்து, இதை யார் போட்டது என்று கேட்டான்.

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் சொல்லிவிட்டாள், தான்தான் என்று.

தம்பி பொண்டாட்டியை அதட்ட முடியாது. பெரியவன் பின்னாலேயே வந்து நின்ற தம்பியை முறைத்தான். தம்பி, வந்தவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திப் பெண்டாட்டியைத் திட்டினான். வேலையில் கண் வேண்டும், போனில் கண் இருந்தால் இப்படித்தான் என்றான். சின்னவள் குனிந்த தலை நிமிராமல் பட்டி வால்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் முன்னால் கடைக்குப் போனார்கள்.

“அது நான் போட்டது” என்றாள் பெரியவள்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன் நீ சொன்ன?”

சின்னவள் கத்திரியைக் கீழே வைத்தாள். “பின்னாலேர்ந்து இழுக்கும்போது எனக்குத் தெரியுதுக்கா. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்காங்களா இல்லையான்னே தெரியல. ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு. கைய நீட்டுங்க.”

பெரியவள் நீட்டவில்லை. சின்னவள் மேசையைச் சுற்றி வந்து தானே எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்தது. மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

மணிக்கட்டில் நரம்பு அழுந்திக்கிடக்கிறது, அறுத்துச் சரிசெய்தால்தான் ஆச்சு என்றார் அந்த டாக்டரம்மா. விரல் நுனியில் உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றும் கேட்டார். பெரியவள், கொஞ்ச நாள் கழித்துச் செய்துகொள்ளலாமா என்றாள். எப்போது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப்போட்ட கையோடு மாடியில் உட்கார்த்தி வைத்தார்கள். கீழே வரக் கூடாது என்று சின்னவள் உத்தரவே போட்டுவிட்டாள். மாமனாரின் அறை அவள் பொறுப்புக்குப் போனது. பெரியவளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. கட்டில் இழுபடுகிற சத்தம் கேட்டால், அப்படி இழுக்கக் கூடாதே என்று இருக்கும். வாளி வைக்கிற சத்தம் கேட்டால், தண்ணீர் சூடாக இருக்குமோ என்று இருக்கும். பட்டப்பகலில் கண் சொருகும்; ஏதோ திருடியவள்போலத் திடுக்கிட்டு எழுவாள். முதல் நாள் சின்னவள் முகம் வெளிறி மேலே வந்து, வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்றோ நாலோ நாள் ஆகியிருக்கும். விடிந்து கொஞ்ச நேரத்தில் கீழே ஆண்குரல்கள் கேட்டன. பெரியவள் பாதிப்படி இறங்கி எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தான். சின்னவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் வேலை பழகவில்லை. ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டார்கள். ஆனாலும் துடைத்தார்கள், பவுடர்கூடப் போட்டார்கள். மாமாவைப் புரட்டத் தனக்குப் பலம் பற்றாது, கடை திறப்பதற்கு முன் இரண்டு பேரும் வந்து தூக்கியாக வேண்டும் என்று சின்னவள் முந்தின நாள் சொல்லியிருக்கிறாள். வந்துவிட்டார்கள்.

பெரியவள் மேலே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அதில் நிம்மதி கொஞ்சம்தான் இருந்தது, மிச்சமெல்லாம் கோபம். டீ கொண்டுவந்த சின்னவள் பதறிப்போய், வலிக்கிறதா என்று கேட்டாள்.

“வலி இல்ல. இவ்வளவுதானா? வாங்கன்னு சொன்னா வந்துடுவாங்களா? நான் இத்தனை வருஷம்…”

அன்றைக்கே சொன்னேனே என்று சின்னவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை இடது கையில் கொடுத்தாள்.

“எனக்கும் தெரியாதுக்கா. முடியாதுன்னுட்டா என்ன பண்றதுன்னு பயந்துகிட்டேதான் கேட்டேன்.”

கை ஓரளவுக்குத் தேறியது. ஆள்காட்டி விரல் நுனி மட்டும் இன்னும் கட்டை மாதிரிதான். அதனால் இடம் மாறிக்கொண்டார்கள். ஊசிபோன்ற பின்களில் சின்னச் சின்ன ஒயர்களைச் செருகும் முன்பக்கம் சின்னவளுக்கு. இழுத்து மடித்துப் படுக்கவைக்கும் பின்பக்கம் பெரியவளுக்கு. பிளாஸ்டிக் பட்டிக்குப் பதில், ஒட்டிப் பிரிக்கிற துணிப்பட்டி வாங்கிக் கொடுத்தான் அவள் புருஷன், அவனாகவே வாங்கினான். பின்பக்கத்துக்குக் கண்ணாடி கிடையாது. ஒயர் புடைத்தால் கதவு மூடாது என்பதைத் தவிர அங்கே கேட்பார் இல்லை. அந்தப் பக்கம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள் பெரியவள்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுப்பு இரண்டாகவே இருக்கிறது. ஒன்றாக்கலாம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. காலையில் அண்ணன் தம்பிகள் வராத நாளும் உண்டு. அப்போது பெரியவள் மாமனார் அறை வாசலில் நின்று அவர்கள் வரும்வரை கூப்பிடுகிறாள். கூப்பிடப் பழகுவது அவளுக்குப் பளு தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் எரிச்சல் வந்தது.

மழை தொடங்கிய மாதத்தில் இடது கையும் மரக்கத் தொடங்கியது. இந்த முறை டம்ளரைத் திட்டவில்லை. கடையில் கூட்டம் குறைந்திருந்த ஒரு மத்தியானம், மூன்று பேரும் இருக்கும்போது கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்:

“அடுத்தது இந்தக் கை. டாக்டரப் போய்ப் பாக்கப்போறேன். யார் யார் எதைப் பாத்துக்கிறதுன்னு பேசி வைங்க.”

புருஷன் ஏதோ கேட்க வாயெடுத்தான். சின்னவன் இவ்வளவு சீக்கிரமாகவா என்றான். சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெரியவள் உட்காரவில்லை. அவளுக்குத் தூக்கம் கண்ணை அழுத்தியது. பேசி முடிக்கட்டும் என்று அவர்களை விட்டுவிட்டு, மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.