சிமெண்டு மிதக்குமா?

செர்பியாவில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் கிரிவாச்சா ஊரில் ஸ்டமேனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிலையத்தை ஒட்டி அவளுடைய புரேக் கடை. மாவை மெல்லிசாக இழுத்து, உள்ளே பாலாடைக்கட்டியோ கொத்துக்கறியோ வைத்துச் சுருட்டி, வட்டத் தட்டில் சுட்டு, துண்டு போட்டுத் தயிரோடு கொடுப்பாள். ருசியில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவனை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டாள். "எனக்கு ஒண்ணு புரியல" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அந்த மூன்று வார்த்தையைக் கேட்டாலே அவள் கணவர் ரதிசாவ் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் அவள் கேட்ட முதல் கேள்வி, "எலுமிச்சை நம்ம ஊர்ல காய்க்குமா?" என்பது. காய்க்காது என்று ஊரே சொன்னது. அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில், கடை ஜன்னலோரம் தொட்டியில் வைத்து அவள் காய்க்க வைத்தாள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே மஞ்சளாகக் காய் தொங்கும். அதில் வந்த தைரியத்தில் கேட்டதுதான், "தேனீ மூணாவது மாடிக்கு ஏறி வருமா?" ஏறி வந்தது. பால்கனியில் வைத்த பெட்டியில் தேனீ பெருகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கூட்டமும் கீழ்வீட்டுக் கல்யாணப் பந்தலில் போய் இறங்கியது. வீங்கிய முகத்தோடு ரதிசாவ் ஒரு வாரம் டிக்கெட் கொடுத்தார். பயணிகள் அடையாளம் தெரியாமல், புது ஆள் எப்போது வந்தார் என்று கேட்டார்கள்.

ஒரு வசந்த காலத்துக் காலையில் அவள் தம்பி வுகோமான் தன் ஆட்களோடு கடைக்கு வந்திருந்தான். கொத்தனார். ஊரில் பாதி வீடு அவன் கட்டியது. ஜன்னலுக்கு வெளியே, டான்யூபில் ஒரு சரக்குப் படகு சிமெண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஸ்டமேனா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியல. அந்தப் படகு இரும்பு. அது மிதக்குது. அப்போ சிமெண்டுல படகு செஞ்சா மிதக்குமா?"

ஆட்கள் தயிர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள்.

"அக்கா, சின்ன வயசுலேர்ந்து சிமெண்டு கலக்குறேன்" என்றான் வுகோமான். "தண்ணியில விழுந்தா நேரா அடிக்குத்தான் போகும். நீ மாவைப் பிசைஞ்சோமா வித்தோமான்னு இரு."

"ஆணியைத் தண்ணில போட்டா?"

"அதுவும் அடிக்குத்தான் போகும்."

"அப்புறம் அந்த இரும்புப் படகு மட்டும் எப்படிடா மேல நிக்குது?"

வுகோமான் புரேக்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஸ்டமேனாவுக்கு அது போதும்.

கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் வேலை தொடங்கியது. பலகையால் அச்சு கட்டி, மாட்டுத் தொட்டி மாதிரி ஒன்றை வார்த்தாள். கேலி செய்ய வந்த வுகோமான், அவள் மணல் கலக்கும் அழகைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். உடையக்கூடாதே என்று சுவரை அரைச் சாண் கனத்துக்கு வைத்தார்கள். டிராக்டரில் ஏற்றி ஆற்றில் இறக்கிய அன்று ஊரே கரையில் நின்றது.

மிதந்தது! விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு விரல் இடைவெளிதான், ஆனாலும் மிதந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் ஸ்டமேனா உள்ளே ஒரு காலை வைத்தாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்க, படகைக் காணவில்லை.

மீனவன் ஷிவான் கரையிலிருந்து கத்தினான். "ஸ்டமேனாக்கா, ரொம்ப நன்றி! கெண்டைக்கு நல்ல வீடு கட்டிக் குடுத்திருக்கே!"

குளிர்காலம் முழுக்க அந்தச் சிரிப்பு ஓடியது. ரதிசாவ் ரொட்டி வாங்கப் போனால்கூட, "வீட்டம்மா அடுத்து கல்லுல விமானம் செய்றாங்களாமே" என்பார்கள். அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். வீட்டுக்கு வந்து, "போதும் ஸ்டமேனா" என்றார் ஒருநாள்.

"மிதந்துச்சா இல்லையா? அதைச் சொல்லு."

"மிதந்துச்சு."

"அப்போ என் கேள்விக்குப் பதில் வந்தாச்சு. இனி எவ்வளவு மெல்லிசா செய்யணும்கிறதுதான் பாக்கி."

ரதிசாவ் எழுந்து போய்விட்டார். அவருக்குச் சிரிப்பை விடத் தண்ணீர்தான் பயம். சின்ன வயதில் அவருடைய அண்ணனை இதே டான்யூப் கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு அவர் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. பாலத்தில் ரயில் போனாலும் கண்ணை மூடிக்கொள்வார். படகு வேலை நடந்த காலத்தில் கடையின் பின்பக்கமே அவர் வந்ததில்லை. இதெல்லாம் ஸ்டமேனாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளால் விட முடியவில்லை. ஒரு கேள்வி அவளுக்குள் புகுந்துவிட்டால் பல்லில் சிக்கிய நார் மாதிரி. எடுக்கிற வரைக்கும் நாக்கு அங்கேயே போகும்.

இரண்டாவது படகு வேறு மாதிரி. மெல்லிய கம்பிகளை வளைத்துக் கவிழ்ந்த படகு போல எலும்புக்கூடு கட்டினார்கள். அதன் மேல் கோழிக்கூண்டு வலையை அடுக்கடுக்காகப் போர்த்தி இழுத்துக் கட்டினார்கள். சலித்த மணலில் சிமெண்டைக் கெட்டியாகக் கலந்து, வலைக்குள் விரலால் அழுத்தி அழுத்தி ஏற்றினார்கள். விரல் பருமனுக்கு மேல் போகவில்லை. மேலே ஈரச் சாக்கைப் போட்டு, காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றான் வுகோமான், காய்ந்தால் வெடித்துவிடும். நடுவில் ஸ்டமேனா காய்ச்சலில் படுத்துவிட்டாள். வுகோமான் வெளியூர் வேலையில் இருந்தான். எல்லாம் போச்சு என்று பதறிக்கொண்டு அவள் எழுந்து போய்ப் பார்த்தால், சாக்கெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். யார் நனைத்தது என்று வீட்டில் கேட்டாள்.

"மழை பெஞ்சிருக்கும்" என்றார் ரதிசாவ், செய்தித்தாளை விட்டுத் தலை தூக்காமல். வாரம் முழுக்க வெயில் கொளுத்தியிருந்தது.

அந்தப் படகு ஆற்றில் இறங்கி, வாத்து மாதிரி நிமிர்ந்து நின்றது. ஸ்டமேனா ஏறினாள். வுகோமான் ஏறினான். ஷிவானும் ஏறிக் குதித்துப் பார்த்தான். வுகோமான் நல்ல சகுனத்துக்குப் படகின் முனையில் ராகியாச் சாராயத்தைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தானே குடித்தான்.

"சரி அக்கா, மிதக்குது. ஆனா வெளிய சொல்லாதே. இவ்ளோ கொஞ்சம் சிமெண்டு போதும்னு தெரிஞ்சா, என்கிட்ட வீடு கட்டினவன்லாம் கணக்குக் கேட்பான்."

பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டினாள். கடை மூடுகிற நாட்களில் கரையோரமாக ஓட்டிப் பழகினாள். இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம், தனியாகப் போனவள் கொஞ்சம் உள்ளே போய்விட்டாள். மோட்டார் இருமி நின்றது. அதே நேரம் பார்த்துக் கோஷவாக் காற்று கிளம்பியது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கிளம்பினால் கதவைக்கூட மூட விடாது. துடுப்பு போட்டுப் பார்த்தாள். படகு அசைந்து கொடுக்கவில்லை, கவிழவும் இல்லை. ஒரு கனமான பசு நடப்பது போல, காற்று தள்ளிய பக்கமாக நிதானமாகப் போய், எதிர்ப்பக்கத்து ருமேனியக் கரையில் முட்டி நின்றது.

அங்கே எல்லைக் காவலர்கள் காத்திருந்தார்கள். ஒரு இளம் அதிகாரிக்குக் கொஞ்சம் செர்பிய மொழி தெரிந்தது.

"பாஸ்போர்ட்?"

"புரேக் சுடுறவளுக்கு ஆத்துல எதுக்குப்பா பாஸ்போர்ட்? வீட்டுல இருக்கு."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு படகின் விளிம்பைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். அசையவில்லை. தட்டிப் பார்த்தான். திரும்பவும் தட்டினான்.

"இது என்னதும்மா?"

"சிமெண்டு."

அவன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். காவல் நிலையத்திலிருந்து ஆள் ஆளாக வந்து தட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு கம்பளியும் காபியும் கிடைத்தது. வீட்டுக்குப் போன் பேச அனுமதித்தார்கள். அவள் பாஸ்போர்ட்டோடு வுகோமானைத்தான் அனுப்பச் சொன்னாள்.

காற்று கொஞ்சம் தணிந்ததும் ஷிவானின் மரப்படகு தெரிந்தது. அதில் இரண்டு பேர். ஒருவன் ஷிவான். இன்னொருவர் உயிர்காக்கும் சட்டைக்கு மேலே கோட்டையும் மாட்டிக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஸ்டமேனா எழுந்து தண்ணீர் ஓரத்துக்கே போய்விட்டாள்.

"நீ ஏன் வந்தே? வுகோமான் எங்க?"

"கண்டுபிடிக்க முடியல" என்றார் ரதிசாவ். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கோட்டுக்குள்ளே கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். "இதை யாராச்சும் கொண்டுவரணும்ல."

ஸ்டமேனா அவருடைய குளிர்ந்த விரல்களைப் பிடித்து, கம்பளியை அவர் மேல் போர்த்தினாள்.

கையெழுத்து வேலையெல்லாம் முடிந்து கிளம்பும்போது மாலையாகிவிட்டது. சிமெண்டுப் படகை ஷிவான் தன் படகோடு கயிற்றில் கட்டினான். ஸ்டமேனா அதில் ஏறிக்கொண்டு, "ரதிசாவ், நீ ஷிவான்கூடப் போ. வந்த படகுதானே" என்றாள்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மரப்படகு ஒவ்வொரு அலைக்கும் எகிறி விழுந்துகொண்டிருந்தது. சிமெண்டுப் படகு அலையை மதிக்கவே இல்லை.

"அது ரொம்ப ஆடுது" என்றார். "இங்கேயே உக்கார்றேன். தள்ளி உக்காரு."

நடு ஆற்றில் அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். ஒரு கை பலகையில். இன்னொரு கை அவள் முழங்கையில். கொஞ்ச தூரம் போனதும், "மெல்லிசா இருந்தாலும் உறுதியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

"நல்லா நனைஞ்ச சிமெண்டு" என்றாள் ஸ்டமேனா. "அந்த வாரம் மழை அப்படிப் பெஞ்சுது."

ரதிசாவ் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தார். காது மட்டும் சிவந்தது.

இப்போது கிரிவாச்சாத் துறையில் மூன்று சிமெண்டுப் படகுகள் நிற்கின்றன. மற்ற இரண்டும் வுகோமான் கேட்டவர்களுக்குச் செய்துகொடுத்தது; தன் யோசனைதான் என்று சொல்லிக்கொள்கிறான், ஸ்டமேனாவும் விட்டுவிடுகிறாள். கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் ரதிசாவும் ஆற்று நடுத் திட்டு வரை போய், மீன் சூப் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அவர் உயிர்காக்கும் சட்டையைக் கழற்றுவதில்லை. ஆனால் மோட்டாரைத் தான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடிக்கிறார்.