கோதுமை கலவாத புட்டு

எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, கோதுமை எனக்கு ஆகாது என்று கொழும்பில் ஒரு டொக்டர் கண்டுபிடித்தார். அதுவரை இரண்டு வருடமாக வயிற்றாலடிக்கும் வயிற்றுக்குத்துக்கும் வீட்டில் பூச்சி மருந்துதான் தந்துகொண்டிருந்தார்கள். சீலியாக் என்று அந்த நோய்க்குப் பெயர். ஆயுள் முழுக்கக் கோதுமையின் தூசிகூட வயிற்றுக்குள் போகக்கூடாதாம். அப்பாவுக்கு வேலையோ துறைமுகத்துக் கோதுமை மா ஆலையில். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே கோதுமையின் புண்ணியத்தில்தான்.

புட்டு மென்மையாக இருக்கவேண்டுமென்று எங்கள் பக்கத்தில் அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவையும் கலந்து குழைப்பார்கள். அந்தக் கலவையில் கைதேர்ந்தவர் எங்களோடு இருந்த சித்தி. அம்மாவின் தங்கை, கலியாணம் ஆகவில்லை, சமையலும் குசினியும் முழுக்க அவர் பொறுப்பு. என் வருத்தம் இன்ன நோய் என்று தெரிந்த நாளே எனக்கென்று புதுப் புட்டுக் குழலும் மா அரிக்கப் புது அரிதட்டும் வாங்கினார். மில்லில் கோதுமையும் அரைபடுகிறது என்று, அரிசியை வீட்டு உரலிலேயே இடித்தார். கை கொப்பளித்துப்போனது. அந்தப் புட்டு கல்லுமாதிரி இருக்கிறது என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து 'வருத்தக்காரி' என்றார்கள். நானும் மற்றவர்களைப் போலத்தான் என்று காட்ட, இடைவேளையில் கோதுமை மாவில் சுட்ட மீன் பணிஸ் வாங்கித் தின்னத் தொடங்கினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கிட்டத்தட்ட எல்லா நாளும். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வயிறு பழையபடி பிரட்டியது. மறுபடி சோதித்த இரத்தம், நான் கோதுமை தின்றதைச் சொல்லிவிட்டது. எங்கே தின்றேன் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா நேரே குசினிக்குப் போனார்.

"நீ பழக்கதோசத்தில கோதுமை மாவைக் கலந்துபோட்டாய். உண்மையைச் சொல்லு."

"இல்லை அக்கா. ஒரு நாளும் கலக்கேல்லை" என்றார் சித்தி.

"அப்ப பிள்ளைக்கு ஏன் திரும்பவும் வந்தது?"

சித்தி என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றேன், யாரும் என்னைக் கேட்காமலே. சித்தி திரும்பி அடுப்பை ஊதத் தொடங்கினார். அன்றிலிருந்து என் சாப்பாட்டை அம்மாவே செய்தார். இரண்டு கிழமைக்குள் சித்தி கிளிவெட்டியில் இருக்கும் பெரிய மாமா வீட்டுக்குப் புறப்பட்டார். பஸ் ஏறும்போது என் தலையைத் தடவி, அம்மாவுக்குக் கேட்காமல், "இனி வெளியில பணிஸ் வாங்கித் தின்னாதேங்கோ, பிள்ளை" என்றார். சித்தி தெரிந்தும் அம்மாவிடம் சொல்லவில்லையே, தப்பித்தேன் என்றுதான் எண்ணினேன். பணிஸை மட்டும் அன்றோடு விட்டேன்.

அடுத்த வருடம் மாமா வீட்டில் புது அரிசிச் சோறு சாப்பிடப் போனோம். வயிறு தேறி நான் நன்றாகச் சதை போட்டிருந்தேன். இலை போட்டதும் மாமி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்:

"பயப்படாதேங்கோ மச்சாள். இஞ்ச பிள்ளையளின்ர சாப்பாட்டில நாங்கள் உங்கட தங்கச்சியைக் கைவைக்க விடுறேல்லை."

அம்மா தலையாட்டினார். நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். சித்தி கிணற்றடியில் தனியே குந்தியிருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். இங்கே சித்திக்கு லேசான வேலைதான் போலிருக்கிறது என்று நினைத்து, நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தேன்.