பேசாத டயர்

மாட்டுத்தாவணிப் புதுப் பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, மேலூர்ச் சாலையோரத்துப் புளியமர நிழலில் லட்சுமிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். இடது உள்ளங்கை இடது காதுக்குப் பின்னால் குவிந்திருக்கிறது. கார்கள் கடந்து போகின்றன. இன்ஜின் சத்தம் போனபிறகு அதன் பின்னாலேயே இழுபட்டு வரும் இன்னொரு சத்தத்துக்காக, ரப்பரும் தாரும் உரசிக்கொள்ளும் சத்தத்துக்காக அவர் காத்திருக்கிறார். ஒரு கார் முனகிக்கொண்டே போகிறது. "இது பேசுது" என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார். அடுத்தது ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோலப் போகிறது. "இது அம்புட்டுப் பேசல." கண்ணைத் திறந்து அந்த டயரைப் பார்ப்பதற்குள் வண்டி தொலைவில் புள்ளியாகிவிடுகிறது.

வில்லாபுரத்துக்காரர். சுங்குடிச் சேலை வியாபாரம். வாரநாட்களில் அவருடைய வெள்ளை மாருதியின் பின்சீட்டில் சேலைப் பண்டல்கள் கூரை முட்ட ஏறும். ஞாயிற்றுக்கிழமை பண்டல் கிடையாது; மனைவி ராதாமணி முன்சீட்டில் ஏறுவார். அண்ணன் தம்பிகள் மூவரும் சேர்ந்து வாழும் வீடு அது. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச அங்கே ஒரு மூலை கிடையாது. அதனால் பல வருஷமாக அவர்களுடைய பேச்சு முழுவதும் காரிலேயே நடந்துவந்தது. ஊரைத் தாண்டி அழகர்கோயில் பாதையில் திரும்பியதும் ராதாமணி தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஆரம்பிப்பார். கொழுந்தன் மனைவி கதவைச் சாத்திய விதம், கனவில் வந்த செத்துப்போன பூனை, பருப்பு விலை என்று எதுவும் வரும். மலை அருகே வரும்வரை ஓயாது. லட்சுமிநாராயணன் பதில் சொல்வது குறைவு. கேட்பார்.

சித்திரையில் ராதாமணிக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போயிற்று, குரலும் பாதி போயிற்று. மிச்சம் இருந்தது நூல்போல ஒரு குரல். அமைதியான அறையில் கேட்கும், ஓடும் காரில் கேட்காது. "ஆங்?" என்பார் லட்சுமிநாராயணன். ராதாமணி திரும்பச் சொல்வார். மறுபடியும் "ஆங்?" மூன்றாம் தடவை, "ஒண்ணுமில்ல" என்று முடித்துக்கொண்டு ராதாமணி வயலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். போகப்போக முதல் தடவை சொல்வதையே நிறுத்திவிட்டார். அந்த 'ஒண்ணுமில்ல'தான் லட்சுமிநாராயணனைப் புளியமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியது.

பெரிய சாமர்த்தியசாலி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. குரலைச் சரிசெய்வது டாக்டரின் கையிலேயே இல்லை என்று தெரிந்ததும், சத்தத்தைச் சரிசெய்யலாமே என்று தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். கதவு ரப்பரை மாற்றினார். கால்விரிப்புக்கு அடியில் கம்பளி வைத்துத் தைத்தார். மிஞ்சியது டயர். பாரம் தாங்குவதற்காகப் போட்டிருந்த, தேய்ந்ததன்மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர்கள் நாள் முழுக்க உறுமின.

கே.கே. நகர் அருகே டயர்க் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி அவருக்குப் பழக்கம். கடையில் லட்சுமிநாராயணன் டயரைப் பார்ப்பதில்லை. சேலையின் முந்தியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் அதன் வரிகளைக் கிள்ளிப் பார்ப்பார். கட்டை கட்டையாக வெட்டிய டயர் சேற்றில் பிடிக்கும், ஆனால் ரோட்டில் ஊளையிடும் என்றார் அழகுபாண்டி. வரி மெலிசாக, பக்கவாட்டு இளகலாக உள்ளது சத்தம் போடாது. ஆனால் சீக்கிரம் தேயும்.

"தேயட்டும்."

"அண்ணே, நீங்க டயரு வாங்க வந்தீகளா, வீணை வாங்க வந்தீகளா?"

லட்சுமிநாராயணன் அதோடு விடவில்லை. அதே டயர் போட்ட கார் ஒன்று வீல் அலைன்மென்ட் பார்க்க வந்திருந்தது. அதன் சொந்தக்காரரைக் கெஞ்சி, தாமே ஓட்டி, அழகுபாண்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மெதுவாக ஏதாவது பேசச் சொன்னார்.

"என்னத்தண்ணே பேச?"

"வீட்டுல பொம்பள பேசுற மாதிரி பேசு."

"அப்ப உங்களத் திட்டணும்ல."

அழகுபாண்டி உதட்டுக்குள்ளேயே திட்டினார். ரிங் ரோடு வரை ஒவ்வொரு வசவும் சுத்தமாகக் காதில் விழுந்தது. லட்சுமிநாராயணன் முகம் மலர்ந்துபோயிற்று. திரும்பி வந்து நாலையும் மாட்டச் சொன்னார். மாட்டி முடித்து, டயர் தரையைத் தொடும் இடத்தில் லேசாகப் பிதுங்கியிருப்பதைக் காட்டினார் அழகுபாண்டி. "இம்புட்டுத் தொப்பை விழுகணும்ணே. அதுலதான் சொகம் இருக்கு."

ஞாயிறு மத்தியானம் கிளம்பினார்கள். முன்பக்கம் உறுமல் அடங்கியிருந்தது. ஆனால் பின்னாலிருந்து ஒவ்வொரு பள்ளமும் சுத்தியல்போல அடித்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. சாலையோர வயல்களுக்கு மேல் வெயில் பாலாடைபோலப் படர்ந்து கிடந்தது. ராதாமணியின் உதடு அசைந்தது.

"ஆங்?" அவரை மீறி வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல."

கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி இறங்கினார். பின் டயரின் முன்னால் குத்தவைத்துப் பார்த்தார். தொப்பை இல்லை. விரலால் கிள்ளினால் கல். அப்போதுதான் பிடிபட்டது. சனிக்கிழமை சாயங்காலம், சேலைப் பண்டல்கள் அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு எதிரே காற்றடிக்கும் மொக்கைச்சாமி, வெள்ளை மாருதியைக் கண்டதும் எப்போதும்போலப் பின்பக்கம் இரண்டுக்கும் பண்டல் பாரத்துக்கு ஏற்றபடி இறுக்கிவிட்டிருக்கிறார். இவரும் எப்போதும்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ராதாமணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். லட்சுமிநாராயணன் நிமிராமலே, "பின்னால பண்டல் இருக்குன்னு நெனச்சு அடிச்சுட்டான்" என்று தங்கள் மொழியில் சொன்னார். சாவி நுனியால் வால்வை அழுத்தினார். காற்று சீறி வெளியேறியது. தொப்பை விழும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த சக்கரம்.

மறுபடி கிளம்பியபோது கார், தண்ணீரில் தள்ளிவிட்ட ஓடம்போலப் போயிற்று. கண்மாயில் வெண்கொக்குகள் அசையாமல் நின்றன. மலை மெல்ல நீலமாகி அருகே வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்பதுபோல ரோட்டையே பார்த்தபடி ஓட்டினார். வெகுதூரம் போனபிறகு, வயலைப் பார்த்துக்கொண்டே ராதாமணி மிகவும் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தப் பூனை நேத்தும் வந்துச்சு..."

ஸ்டியரிங்கிலிருந்து இடது கை காதுக்குப் போகப் புறப்பட்டது. பாதிவழியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, பழைய இடத்திலேயே போய் அமர்ந்துகொண்டது.