கோபுரத்தைக் கழுவிவிட்டார்கள்

மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எனக்கு வேலை. கழிவுநீர்க் குளத்தைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அதில் ஊறும் வாயுவை வைத்து இன்ஜின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறோம். அந்த வாயுவில் அழுகிய முட்டை போல நாறும் கந்தக வாயுவும் கலந்திருக்கும். அப்படியே விட்டால் இன்ஜினை அரித்துவிடும். அதைப் பிடிக்கத்தான் குளத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஓர் உயரமான கோபுரம். உள்ளே பிளாஸ்டிக் வளையங்கள், அவற்றின்மேல் பாக்டீரியா. வெயிலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் அவற்றுக்கு. நாங்கள் விடும் கொஞ்சம் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக் கந்தகத்தோடு சேர்க்கும். அதில் வரும் சக்தியில் பிழைத்துக்கொள்ளும். கழிப்பது கந்தக அமிலம். காலையில் அந்தப் புளித்த தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பராமரிப்புக்காக வாயுவை நிறுத்தி மூடியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தவர், மஞ்சள் மஞ்சளாகச் சளி பிடித்திருக்கிறதே, கழுவுவதே இல்லையா என்று கேட்டார். அந்தச் சளிதான் வேலையே செய்கிறது என்று விளக்கினேன். தலையாட்டினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

ரஹாங்கில் தங்கை மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால், கேட்டிலேயே நாற்றம். இன்ஜின் நின்றுபோய், வாயுவை வெளியே எரித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் சொல்லி, வளையங்களைக் குளோரின் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் கொன்னுட்டீங்க சார்."

"அப்படின்னா புதுசா ஆர்டர் பண்ணிடலாம்லா அக்கா. சப்ளையர் யாரு?"

கழிவுநீர் கடைசியாகப் போய்ச் சேரும் குளத்துச் சேற்றில் அதே பாக்டீரியா இருக்கும். அதை வாளி வாளியாக அள்ளிவந்து கோபுரத்தில் ஊற்றினேன். வாயுவைத் துளித்துளியாகத் திறந்துவிட்டேன். தினமும் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பேன். தண்ணீர் புளிக்கவில்லை என்றால் உள்ளே யாரும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். இரண்டு வாரம் தாள் நிறமே மாறவில்லை. அவரோ ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார்.

மூன்றாவது வாரம் தாள் சிவந்தது. நாற்றம் குறைந்தது, இன்ஜினும் ஓடியது.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடம் அவர் சொன்னது, முழுசாகக் கழுவினோம், அதனால்தான் இப்போது நன்றாக ஓடுகிறது என்று. வருஷத்துக்கு இரண்டு தடவை கழுவ அட்டவணையும் போட்டுவிட்டார். அவர் அறையில் அரை மணி நேரம் நின்று வாதாடிய பிறகுதான் 'குளோரின்' என்பதை அடித்துவிட்டு 'வெறும் தண்ணீர்' என்று எழுதினார்.

கோபமா அக்கா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.